என் மனைவி கேட்ட சிம்பொனி

பொறாமை என்றால் சும்மா பொறாமை இல்லை, வயிறு எரிந்தது. அதுவும் ஒரு சிம்பொனிக்காக.

என் மனைவி சுன்னாகத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். அங்கே மேலைத்தேய சங்கீதம் சொல்லிக்கொடுப்பவர் மிஷன் குடும்பத்து மனிதர், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பார். படப்பாட்டுக்குப் பேர்போன எங்கள் இசையமைப்பாளர் பெரிய வாத்தியக்குழுவை வைத்து ஒலிப்பதிவு செய்த சிம்பொனியை அவர்தான் இவளுடைய போனுக்கு அனுப்பியிருந்தார். அனுப்பியதோடு நிற்பாரா? ஆசிரியர் அறையில் இருந்து விளக்கமும் சொல்லுவார் என்று நானே நினைத்துக்கொண்டேன். அவள் அவரைச் “சேர்” என்று சொல்ல வாயெடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த இசையமைப்பாளர் என்றால் எங்கள் வீட்டில் நான்தான் அதிகாரி. பாடகர் வாய் திறக்க முன்னமே படம், ராகம், பாடியவர் எல்லாம் சொல்லிவிடுவேன். புத்தூரில் என் உரக்கடைக்கு வருகிற சனம்கூடப் பாட்டில் சந்தேகம் என்றால் என்னைத்தான் கேட்கும். மின்சாரமே இல்லாத யுத்த காலத்தில், கலியாணம் முடித்த புதிதில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் ரேடியோவை இணைத்துப் பாட்டுக் கேட்டோம். பெடலைக் கையால் சுற்றுவது நான், கேட்பது அவள். சுற்றிக்கொண்டே பாட்டின் கதையையும் சொல்லுவேன். அந்த இசையமைப்பாளரை அவளுடைய காதுக்குள் கொண்டுபோய் விட்டவனே நான். இப்போது எங்கிருந்தோ ஒரு ஓர்கன்காரர் வந்து என் இடத்தில் இருக்கப் பார்க்கிறார்!

ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்ததும் சின்ன ஸ்பீக்கரை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். நானும் எதிரே போய் இருந்தேன். தெரிந்த மெட்டு ஒன்றாவது எட்டிப் பார்க்காதா என்று காத்திருந்தேன். ஒன்றுமில்லை. வயலின்கள் வந்தன, பிறகு இன்னும் வயலின்கள் வந்தன. சொல்லுவதற்கு எனக்கு ஒரு வசனம் கிடைக்கவில்லை.

திடீரென்று இசை மெலிந்து, மெலிந்து, இல்லாமலே போகப் பார்த்தது. டைனமோக் காலத்துக் கை சும்மா இருக்குமா? அப்போதெல்லாம் பாட்டு இறங்கினால் பெடல் சுற்றுகிற கை களைத்துவிட்டது என்று அர்த்தம். பாய்ந்து ஸ்பீக்கரின் சத்தத்தை முழுதாகக் கூட்டிவிட்டேன். அடுத்த நொடி எக்காளமும் முரசும் எல்லாமாகச் சேர்ந்து இடித்தன. அவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். சத்தத்தைக் குறைத்தாள்.

எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன.

“உமக்கு உது விளங்குதோ? இல்லாட்டி உந்தச் சேர் விளங்கப்படுத்தினவரோ?”

“சேர் ஒண்டும் சொல்லேல்லை. கேட்டுப் பாருங்கோ எண்டு மட்டும்தான் சொன்னவர்.” அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “இஞ்சாருங்கோ, கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து ஒரு பாட்டையும் நான் முழுசாக் கேட்டதில்லை. நீங்கள் கதைச்சதைத்தான் கேட்டனான். இதிலை உங்களுக்குக் கதைக்க ஒண்டும் இல்லை. அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு.”

சொல்லிவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து போட்டாள்.

எழும்பிப் போயிருப்பேன். போனால் அந்த இசையமைப்பாளரோடு அவளைத் தனியே விட்டதாகிவிடும். ஓர்கன்காரர்மேல் இருந்த எரிச்சல் முழுவதும் இப்போது இசையமைப்பாளர்மேல் திரும்பியிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பாதி வழியில், அந்த வயலின்களுக்கு நடுவே, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ராகத்தின் சாயல் வந்தது. சத்தியமாக வந்தது. சொல்ல நாக்குத் துடித்தது.

அவள் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். அன்பில் பிடித்தாளா, வாயைத் திறவாதே என்று பிடித்தாளா என்று கேட்கத்தான் நினைத்தேன். கேட்டால் கையை எடுத்துவிடுவாள்.