பண்ணை வீட்டுத் தொலைபேசி

அந்த வருசம் பண்ணைக்குப் போன பஸ்ஸில் நான் இருந்தேன், மன்னார் அன்ரன் அண்ணை இருந்தார், எங்களுக்குப் பிரெஞ்சு படிப்பித்த ஆசிரியை இருந்தார், வகுப்பிலிருந்த சீனர், கொலம்பியர், அல்ஜீரியர் எல்லாரும் இருந்தார்கள். வராதவன் என் அறைத்தோழன் ரவி மட்டும்தான். சண்டையை நிறுத்தச் சொல்லி நகர மத்தியில் பதாகை பிடிக்கப் போய்விட்டான்.

இன்று காலை அடுப்பிலுள்ள மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிட்டு, மகளின் பான்கேக்கில் மேப்பிள் பாணியை ஊற்றினேன். வாசம் மூக்கில் ஏறியது. பிள்ளை "பப்பா, காணும், காணும்" என்று கத்தியபிறகுதான் தட்டு நிரம்பி வழிவதைக் கண்டேன். இந்த வாசம் மற்றவர்களுக்கு வசந்த காலம். எனக்கு ஒரு பண்ணை வீட்டுக் குசினி, சுவரில் ஒரு தொலைபேசி.

நான் இந்தப் பனி நாட்டில் அகதியாக மார்கழியில் வந்து இறங்கியவன். அன்ரன் அண்ணை எனக்கு ஒரு மாதம் முந்தி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து என்றால் பெருவிரல். அதனால் வீட்டில் எந்தப் பெரிய முடிவும் என்னைக் கேட்காமல் நடந்ததில்லை, மாடு விற்பது உட்பட. மாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் கேட்பார்கள், நானும் பெரிய மனிதன்போல யோசித்துச் சொல்வேன்.

அந்த மாசியில் அம்மாவும் அப்பாவும் வன்னியில் சண்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். சற்றலைற் போன் வைத்திருந்த ஒருவரிடம் வரிசையில் நின்று, கிழமைக்கு ஒருமுறை அம்மா எடுப்பாள்.

"அயலட்டைச் சனம் எல்லாம் கடல்நீரேரி தாண்டி ஆமிப் பக்கம் போகப் போகுதாம், ராசா. நாங்களும் போறதோ, நிக்கிறதோ? நீ யோசிச்சு வை. அடுத்த ஞாயிறு சொல்லு."

"அடுத்த ஞாயிறு நான் நிக்கமாட்டன் அம்மா. பள்ளிக்கூடத்தால நாட்டுப்புறம் கூட்டிக்கொண்டு போகினம். நான் போகேல்லை."

"பள்ளிக்கூடமோ? பள்ளிக்கூடம் எண்டால் போகத்தான் வேணும்!" அந்த இரைச்சலுக்குள்ளும் அதட்டினாள். "அங்க போன் இல்லையே?"

இருந்தது. ஆசிரியையிடம் பண்ணை வீட்டு இலக்கத்தை வாங்கி வைத்திருந்தேன். பக்கத்தில் நின்ற பெடியன் ஒருவன் அதைக் கடதாசித் துண்டில் எழுதி அம்மாவின் கையில் வைத்தான். அங்கே இரவு ஏழரைக்கு எடுப்பாள். இங்கே காலை ஒன்பது. பத்தரை மணித்தியால வித்தியாசம், அது எனக்குத் தலைகீழாகப் பாடம்.

பண்ணையில் மேப்பிள் மரங்களில் துளைபோட்டு வாளி கட்டியிருந்தார்கள். சொட்டுச் சொட்டாய் விழுந்த தண்ணீரைப் பெரிய தட்டத்தில் காய்ச்ச, கொட்டில் முழுக்க ஆவி. பாணியைப் பனியில் ஊற்றிக் குச்சியில் சுற்றித் தந்தார்கள். சாப்பாட்டில் அன்ரன் அண்ணை கோட்டுப் பையிலிருந்து மிளகாய்த்தூளை எடுத்தார். "முட்டைக்கும் சீனிப்பாணி ஊத்திறாங்களடா தம்பி! சோறு இருந்திருந்தால் அதையும் பழுதாக்கியிருப்பாங்கள்." பிரெஞ்சு மட்டும்தான் கதைக்கலாம் என்பது அந்த இரு நாளின் சட்டம். எங்களுக்குத் தெரிந்த பிரெஞ்சு ஐந்து நிமிடத்தில் தீர்ந்துபோகும், பிறகு எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்போம்.

அன்றிரவு படுக்கப் போகுமுன் பண்ணை வீட்டுக்கார அம்மா கதிரையில் ஏறிச் சுவர் மணிக்கூட்டின் முள்ளைத் திருப்பினார். எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். நாங்கள் தலையாட்டினோம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய காலம் அது. வெள்ளிக்கிழமை வகுப்பில் ஆசிரியையும் அதைச் சொல்லியிருப்பார், அதற்கும் தலையாட்டியிருப்போம்.

ஞாயிறு எட்டு மணிக்கே தொலைபேசிக்குக் கீழே கதிரை போட்டு இருந்தேன். சொல்லவேண்டியது வாயில் இருந்தது: போங்கோ அம்மா, யோசியாதேங்கோ, உடுத்த துணியோட போங்கோ. ஒன்பது அடித்தது. தொலைபேசி அடிக்கவில்லை. ஒன்பதரைக்கு பஸ் வெளிக்கிட வேண்டும். ஆசிரியை சாரதியிடம் கெஞ்சிக் கொஞ்சம் பிந்தச் செய்தார். அன்ரன் அண்ணை என் பையைத் தான் தூக்கிக்கொண்டு நின்றார். "வரிசை நீளமாக்கும் தம்பி. இன்னும் கொஞ்சம் பார்." அவர் செபமாலையை உருட்டுவது கோட்டுப் பைக்கு மேலால் தெரிந்தது. பத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஆட்கள் குளிரில் நிற்கிறார்கள் என்று, ஏறிவிட்டோம்.

சென்ட் லோரன்ட் பகுதியில் எங்கள் அறைக்குள் கால் வைக்கும்போது ரவி மேசை மணிக்கூட்டைத் திருகிக்கொண்டிருந்தான்.

"டேய், இண்டைக்கு நாடு முழுக்க நேரம் மாத்தினதெல்லே? ஒரு மணித்தியாலம் முன்னுக்கு. உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

அப்படியென்றால் அம்மாவின் ஏழரை இங்கே ஒன்பதில்லை, பத்து. கோலிங் கார்ட் என்ற தொலைபேசி அட்டை வாங்கக் கடைக்கு ஓடவும் இல்லை, ரவியின் போனைப் பறித்துப் பண்ணைக்கு எடுத்தேன். வீட்டுக்கார அம்மா என் குரலைக் கேட்டதும் மடைதிறந்ததுபோலக் கதைத்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பேந்து அந்தப் பிரெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சொல் வந்தது. "ராசா," என்றார். "ராசா, ராசா." அம்மா சொன்னதை அப்படியே பிடித்து வைத்திருந்து, எனக்குத் திருப்பித் தந்தார்.

அம்மாவின் இலக்கத்துக்கு இங்கிருந்து எடுக்க வழியில்லை. அயலட்டை அன்றிரவே போய்விட்டது. "அவன் சொல்லாமல் போறேல்லை, அடுத்தமுறை எடுத்துக் கேட்டிட்டுப் போவம்" என்றாராம் அப்பா. அடுத்தமுறை வரமுன்னே அந்தப் போன்காரரும் இல்லை, அவர் இருந்த கொட்டிலும் இல்லை. மாதங்கள் கழித்து முகாமிலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது.

அந்த வகுப்பு இருந்த கட்டடம் இப்போது அடுக்குமாடி. கோலிங் கார்ட் டெப்பனர் என்ற மூலைக்கடைகளில் தேடினாலும் கிடைக்காது. போன்கள் தாங்களே நேரம் மாற்றிக்கொள்கின்றன. அன்ரன் அண்ணை இதே நகரில் லாசால் பக்கம் இருக்கிறார், மார்ச்சில் மட்டும் நானும் அவரும் கதைப்பதில்லை.

அம்மா என்னோடுதான். இன்று அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், வருசா வருசம் கேட்பதைக் கேட்டாள். "எடுக்கிற மணித்தியாலத்தை என்ன செய்யிறவங்கள், ராசா?"

"கார்த்திகையில திருப்பித் தருவாங்கள் அம்மா."

அந்தப் பயணத்துக்கு வகுப்பில் ஒருவரிடமும் ஒரு சதமும் வாங்கவில்லை. எங்கள் வீட்டுக்கு அதற்குப் போன செலவு, ஒரு மணித்தியாலமும் அப்பாவும்.