கபன் கிழிக்கும் ஸைனம்பு

ஓரத்தைப் பல்லில் கடித்து ஒரு கீறல் போடுவார். மிச்சத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுவை. சர்ரென்ற அந்தச் சத்தம் மூன்று வளவு தாண்டிக் கேட்கும். பக்கத்து வளவில் மீன் கழுவுகிறவள் கையை நிறுத்தி, வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "ஆரு ராத்தா?" என்பாள். வீட்டில் தையல் மெசின் இருக்கிறது, கத்தரிக்கோல் மூன்று இருக்கின்றன, அபாயா தைத்துத்தான் சீவியமும். ஆனால் இறந்தவரைச் சுற்றும் கபன் சீலையில் கத்தரி வைக்கமாட்டார். "வெட்டினா ஓரம் மடிச்சுத் தைக்கோணும் எண்டு கை தேடும். கிழிச்சா கைக்கும் விளங்கிரும், இதோட முடிஞ்செண்டு" என்பார் ஸைனம்பு.

பெண்ணுக்கு ஐந்து துண்டு. அதற்கு அவர் அளவுநாடா எடுப்பதில்லை, கண்ணே நாடா. இதனால் சாய்ந்தமருதுப் பெண்கள் பலருக்கு அவர் தங்களை மேலிருந்து கீழாகப் பார்ப்பது பிடிக்காது. மீன் விற்கும் ஒருத்தி, அப்படி ஒரு பார்வைக்கு ஆளாகிவிட்டேன் என்று பயந்து, எட்டு மாதம் அந்த ஒழுங்கைப் பக்கமே வராமல் கடற்கரையைச் சுற்றி நடந்து போனாள். அந்த நடையில் அவளுக்கிருந்த சீனி வருத்தம் இறங்கி, டொக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார் என்பது ஊர்க்கதை. ஸைனம்பு அன்று பார்த்தது அவளுடைய சட்டைத் துணியில் இருந்த பூவை.

வயது ஐம்பத்திரண்டு. ஊரில் பெண்கள் இறந்தால் மையித்தைக் குளிப்பாட்டுவது இருபத்தாறு வருடமாக இவர்தான். வியாழக்கிழமை தோறும் நகம் வெட்டுவார். மௌத்து வீட்டுக்குப் போனால் கையிலிருக்கும் இரண்டு வளையலையும் கழற்றி மடியில் முடிந்துகொண்டுதான் திரைக்குள் போவார். அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். பின் ஒழுங்கையால் வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் குளித்து, இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேயிலை மூன்று கோப்பை குடிப்பார். அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும்.

திறந்தால் மூடாது. எந்த வீட்டு மருமகன் ஆணத்தில் உப்புக் கூடிப்போச்சென்று மூன்று நாள் கோபித்துக்கொண்டு கடற்கரையில் படுத்தான், எவள் வெளிநாட்டிலிருந்து வந்த போர்வையை இன்னும் பையோடு வைத்திருக்கிறாள், எல்லாம் அவர் வாயில் இருக்கும். உயிரோடிருக்கிற எவரும் அவரிடமிருந்து தப்பியதில்லை. செத்தால்தான் தப்பலாம். ஒருவர் மௌத்தாகி அவர் கைக்கு வந்துவிட்டால், அந்த ஆளைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சொல் வராது. நல்லதும் வராது.

நல்லதும் வராததற்குக் காரணம் இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன் ஒரு மூதாட்டியைக் குளிப்பாட்டிவிட்டு வெளியே வந்தவர், அழுதுகொண்டிருந்த மகளின் தலையைத் தடவி, "உம்மாட முகம் சிரிச்சாப் போல இரிக்கி மகள்" என்று சொல்லிவிட்டார். நல்லதைச் சொல்ல மார்க்கத்தில் தடை இல்லை. மகளும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே தேறினாள். அடுத்த வாரம் வேறொரு வீட்டில் மௌத்து. மழை இருட்டிக்கொண்டு வந்தது, மையித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கு வாசலில் காத்து நின்றது. அவசரத்தில் ஸைனம்பு எதுவும் சொல்லாமல் வந்துவிட்டார். அந்தச் சொல்லாமையை ஊர் எடுத்துக்கொண்டது. "அங்க சிரிச்சதெண்டு சொன்ன மனிசி இங்க ஏன் வாயத் திறக்கல்ல?" முகம் கறுத்துப் போனதாம், வாய் கோணியதாம். செத்தவரின் மகன் ஆறு மாதத்தில் கடையைப் பூட்டிவிட்டு வேறு ஊருக்குக் குடிபோனான்.

அன்று முதல் வாய்க்குப் பூட்டு. "ஒராளுக்கு நல்லது சொன்னா, சொல்லாம விட்ட ஆக்களுக்கெல்லாம் நான் கெட்டது சொன்ன கணக்கு" என்பார். எந்த மௌலவி வந்து சட்டம் சொன்னாலும் இதில் அவர் இறங்கி வந்ததில்லை. இந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் வரும்வரை, இறங்கி வரச் சொல்லி எவரும் அவர் காலைப் பிடித்ததும் இல்லை.

நிந்தவூரைத் தாண்டித் தெற்கே, 'கடல்முத்து' என்று ஓர் உல்லாசப் பூங்கா திறந்து இரண்டு வருடமாகிறது. வீதி வாசலிலிருந்து கடலோரக் குளங்களுக்கு ஒரு கிலோமீற்றர். ஆட்களை ஏற்றிப்போக, உழவு மெசினுக்கு ரயில் முகமூடி மாட்டி, பின்னால் நான்கு திறந்த பெட்டிகளைக் கொழுவியிருந்தார்கள். பெருநாளுக்கு முதல் நாள் பெட்டிகளுக்கெல்லாம் பச்சைப் பெயின்ற் அடித்தார்கள். பெருநாளன்று ஊரே அதில் ஏறி இறங்கியது. இரண்டாம் நாள் காலையில் மூலைமுடுக்கெல்லாம் இன்னொரு பூச்சுப் பூசி, அது காயமுன்னமே ஆட்களை ஏற்றினார்கள். அன்று பின்னேரம், வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில், கடைசிப் பெட்டியைக் கொழுவியிருந்த ஆணி முறிந்தது. பெட்டி பின்பக்கமாக உருண்டு வாய்க்காலில் கவிழ்ந்தது. ஏழு பேருக்குக் காயம். ஜெனூபா மௌத்து.

இருபத்து மூன்று வயது. பாலர் பாடசாலையில் படிப்பித்தவள். தங்கை பஸ்மிலா முன் பெட்டியில் இருந்தாள். இடமில்லாததால் ஜெனூபா கடைசிப் பெட்டியின் பின்மூலைக்குப் போனாள். பின்பக்கம் பார்த்தபடி ஒற்றை ஆசனம். பெட்டியில் மற்ற எல்லோரும் முன்பக்கம் பார்த்திருந்தார்கள். பள்ளம் வருவதைப் பார்த்துக்கொண்டே போனவள் அவள் ஒருத்திதான். அவளைப் பார்த்தவர் எவருமில்லை.

இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டபடியால் அடுத்ததை இங்கே எழுதலாம். இல்லாவிட்டால் ஸைனம்பு வாயிலிருந்து அதை எடுக்கக் கல்முனைச் சந்தியிலுள்ள இரும்புக்கடைக் கடப்பாறைகள் எல்லாம் சேர்ந்தாலும் முடிந்திராது. குளிப்பாட்டும்போது திரைக்குள் இரண்டு பேர்தான். தாய் ஹுஸ்னியா மயங்கிக் கிடந்தாள். தண்ணீர் ஊற்ற நின்ற முஸ்பிறாவிடம், "வாளிய மட்டும் பாரு" என்று ஸைனம்பு சொல்லியிருந்தார். அவள் வாளியை மட்டும் பார்த்தாள். தலையில் பட்ட அடிக்கு ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு அனுப்பியிருந்தார்கள். ஸைனம்புக்கு நேரம் எடுத்தது தலையல்ல, கைகள். இரண்டு உள்ளங்கையிலும் பச்சைப் பெயின்ற். விரல் மடிப்புக்குள், ரேகைக்குள், குறுக்கே ஒரு கம்பியின் அகலத்துக்கு அழுந்தியிருந்தது. பெயின்ற் இருந்தால் தோலில் தண்ணீர் படாது, தண்ணீர் படாவிட்டால் குளிப்பு நிறைவேறாது. தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கி, ஊறவிட்டு, ஒவ்வொரு விரலாக விரித்துத் தேய்த்து எடுத்தார். பிறகு இலந்தை இலை அவித்த தண்ணீர். கடைசியில் இரண்டு கையும் பிறந்த பிள்ளையின் கை மாதிரி வெளுத்துக் கிடந்தன. அப்போது அது அவருக்கு வெறும் பெயின்ற்தான்.

மூன்றாம் நாள் கதை வந்தது. 'பயணியொருவர் ஓடும் ரயிலில் எழுந்து நின்று வீடியோ எடுத்ததால்' என்று பூங்காக்காரர் ஓர் அறிக்கை விட்டார்கள். ஜெனூபாவின் போன் வாய்க்காலோடு போய்விட்டது. இல்லையென்று சொல்ல ஆளில்லை. போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் றாஸிக், ஊர்ச்செய்திப் பக்கம் ஒன்றும் நடத்துகிறவன், அதை அப்படியே போட்டான். அதன் கீழே ஊர் வந்து குந்தியது. 'பொண்டுகளுக்கு இந்த விளையாட்டுத் தேவயா?' 'லைக்குக்கு ஆசப்பட்டு உசிரக் குடுத்த.' முதல்நாள் அதே ரயிலில் பிள்ளைகுட்டியோடு இரண்டு சுற்றுச் சுற்றியவர்தான், 'தகப்பன்மார் கட்டுப்பாடா வளக்கோணும்' என்று எழுதினார். ஆணியைப் பற்றி எழுதியவர் மூன்று பேர். அந்த மூவரையும், பூங்காக்காரர் பள்ளிவாசலுக்குக் குடுத்த கார்ப்பெட் தெரியாதா என்று மற்றவர்கள் மடக்கினார்கள். ஜெனூபாவின் வாப்பா சீனிமுகம்மது சுபஹுத் தொழுகைக்குப் போய், ஸலாம் கொடுத்த கையோடு எவர் முகத்தையும் பார்க்காமல் திரும்பி வந்தார். பஸ்மிலா ரியூசனை நிறுத்திவிட்டாள். வகுப்பில் ஒருத்தி அவளிடம், "உன்ட ராத்தா ஆருக்கு அனுப்பவாம் வீடியோ எடுத்த?" என்று கேட்டிருந்தாள்.

ஸைனம்புக்கு அப்போதுதான் அந்தப் பச்சை விளங்கியது. போன் பிடித்திருந்தால் ஒரு கையாவது பெயின்ற் படாமல் இருந்திருக்கும். இருந்த ஒரே சாட்சி அது. அதைத் தேங்காய் எண்ணெய் போட்டுக் கழுவியவரும் அவரே. அன்று அவர் மூன்று கோப்பைத் தேயிலையும் குடித்தார், வாய் திறக்கவில்லை. பக்கத்து வளவுக்காரி, ஸைனம்பு ராத்தாவுக்குத் தொண்டையில் ஏதோ வருத்தமென்று கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்தாள்.

ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் ஹுஸ்னியா வந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னதற்கு நிலத்தில் இருந்தாள்.

"நீங்கதான் கடைசியாத் தொட்ட, ராத்தா."

"ஓம்."

"தேங்காயெண்ண கேட்டீங்களாம். முஸ்பிறா சொன்னா. எதுக்கெண்டு அவளுக்குத் தெரியாதாம்."

ஸைனம்பு தைத்துக்கொண்டிருந்த அபாயாவின் கையை மடித்தார், விரித்தார், பிறகும் மடித்தார்.

"என்ட புள்ள ஒழும்பி நிண்டவளா, இருந்தவளா? அது போன் புடிச்ச கையா? ஓம் எண்டாலும் சொல்லுங்க, இல்ல எண்டாலும் சொல்லுங்க. நான் ஏசமாட்டன்."

"ஹுஸ்னியா, கேளு. இண்டைக்கு உன்ட மகளுக்கு நான் ஒரு சொல்லுச் சொன்னா, நாளைக்கு நான் சொல்லாம விடுற மையித்துக்கு இந்த ஊர் என்ன எழுதும்? நீ பாத்தாய்தானே, எழுதுறத."

"நாளைக்கு மௌத்தாகிற ஆள் நாளைக்கு அழட்டும். நான் இண்டைக்கு அழுறன்."

ஹுஸ்னியா குனிந்து ஸைனம்புவின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, எழும்பி, தேயிலையைத் தொடாமல் போனாள். போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனது படலை தாண்டிய பிறகுதான் ஸைனம்புக்குத் தெரிந்தது. பிள்ளையின் மௌத்தை ஊரே கதைக்கிறது, தான் மட்டும் கதைக்கவில்லை என்ற பெருமையை அன்று அவர் எங்கே வைப்பதென்று தெரியாமல் திரிந்தார்.

கவிழ்ந்த பெட்டியைப் பொலிஸ்காரர் இழுத்துவந்து, வீதியோரம் காவல் நிலைய வளவில் மஞ்சள் நாடா கட்டி வைத்திருந்தார்கள். அக்கரைப்பற்றுப் பஸ் அந்த இடத்தில் மெதுவாகும். கொண்டக்டர், "ரயில் பாக்கிற ஆக்கள் இறங்குங்க" என்பான். பகிடிக்குச் சொல்லத் தொடங்கியவன், ஆட்கள் உண்மையாகவே இறங்கத் தொடங்கியதும் அதை ஒரு தரிப்பிடமாகவே ஆக்கிவிட்டான். முறிந்த ஆணி இருந்த இடத்தையும், வளைந்த கூரைக் காலையும், மூலையில் காய்ந்திருந்த இரத்தத்தையும் போனில் பிடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறுவார்கள். ஐஸ்கிறீம்காரன் ஒருவன்கூட அங்கே மணியடிக்கத் தொடங்கியிருந்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஒலுவிலில் ஒரு கல்யாண வீட்டுக்கு அபாயாக்கள் கொடுக்கப் போன ஸைனம்பு, கொண்டக்டர் சத்தம் போட்டதும் பையோடு இறங்கினார். இருபது, முப்பது பேர் நின்றார்கள். றாஸிக்கும் நின்றான், நேரலை போய்க்கொண்டிருந்தது. ஸைனம்பு நாடாவைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனார்.

"ராத்தா, ஏறப்படா. அது வழக்குச் சாமான்" என்று பொலிஸ்காரர் இன்பாஸ் ஓடிவந்தார். அவரும் ஊர்ப்பொடியன்தான். அவருடைய உம்மம்மாவைக் குளிப்பாட்டியது இந்தக் கைதான். இரண்டாம் முறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஸைனம்பு பெட்டியில் ஏறி, இரத்தத்தைத் தாண்டி, பின்மூலை ஆசனத்தில் இருந்தார். எதிரே, வயிற்றளவுக்குக் குறுக்கே கம்பி. கம்பி முழுவதும் பச்சை. இத்தனை நாளாக இத்தனை போன்கள் வந்து போயும் எவரும் படம் பிடிக்காத ஒன்று அது. அந்தப் பச்சையில் இரண்டு இடத்தில் இரும்பு தெரிந்தது. ஒரு சாண் இடைவெளி. ஒவ்வொன்றிலும் நான்கு விரல் அகலத்துக்குப் பெயின்ற் உரிந்து, விளிம்பில் மடிந்து காய்ந்திருந்தது.

றாஸிக் போனை நீட்டிக்கொண்டு கிட்ட வந்தான். "ராத்தா, நீங்கதானே குளிப்பாட்டின? என்ன சொல்ல வந்தீங்க? இதுக்குள்ள சொல்லுங்க."

"நான் ஒண்டும் சொல்ல வரல்ல மனே. இருந்து பாக்க வந்த."

பையைக் காலடியில் வைத்தார். ஒரு வளையலைக் கழற்றினார், மற்றதையும் கழற்றினார், இரண்டையும் மடியில் முடிந்தார். பிறகு வலது கையை இரும்பு தெரிந்த ஓரிடத்திலும் இடது கையை மற்ற இடத்திலும் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, இறுக்கிப் பிடித்தார். அவர் முகத்துக்கு நேரே உயர்ந்திருந்த போன்கள் ஒவ்வொன்றாகக் கைக்கு இறங்கின. அடுத்த பஸ் வந்து நின்று, மணியடித்து, எவரும் ஏறாமல் போனது. ஸைனம்பு பிடியை விடவில்லை.