பூசையன்று சர்வரை அணைத்தேன்

ஆயுத பூசைக்கு எங்கள் அலுவலகத்தில் கணினிகளுக்கும் பொட்டு வைப்போம். ஃபேரர் பார்க் வட்டாரத்தில் வெங்காயமும் பருப்பும் இறக்குமதி செய்யும் சின்ன நிறுவனம். முதலாளியின் குடும்பம் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். ஆனாலும் பூசைக்குப் பழமும் பொரியும் வாங்கி வருவது அவர்தான். மதியத்தோடு எல்லாக் கணினிகளையும் அணைத்துவிட்டு, மறுநாள் விஜயதசமி காலையில்தான் தொடுவோம்.

அந்த வருடம் நான் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எல்லோரும் கிளம்பிய பிறகு, அலமாரி ஓரத்தில் சர்வர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. எங்கள் கோப்புகள் அத்தனையும் அதில்தான். காலையில் ஒவ்வொருவரின் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்து உள்ளே விடுவதும் அதுதான். ஐந்து மாதமாக நான் முழுசாகத் தூங்கியதில்லை. ஓய்வில்லாமல் ஓடும் எதைப் பார்த்தாலும் இரக்கம் வந்துவிடும். அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்து அணைத்தேன்.

மறுநாள் முதல் ஆளாக வந்து அதைப் போட்டேன். விளக்குகள் ஒழுங்காகத்தான் எரிந்தன. என் கணினியில் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். ஏற்கவில்லை. விடுப்பில் இருந்தவள், மறந்திருப்பேன் என்று நோட்டைப் பார்த்து எழுத்தெழுத்தாக அடித்தேன். அப்போதும் இல்லை. பக்கத்து இருக்கை அக்கா வந்தார், அவருக்கும் அதே. ஒன்பதரைக்குள் ஆறு பேரும் திரையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தோம்.

முதலாளிக்கு வெங்காயக் கவலை. தீபாவளிச் சரக்கு துறைமுகத்தில் கன்டெய்னரில் கிடந்தது. அனுமதி விண்ணப்பத்துக்கான ஆவணங்கள் சர்வரில். பன்னிரண்டு மணிக்குள் அனுப்பாவிட்டால் வெள்ளிக்கிழமையான அன்று சரக்கு வெளியே வராது. திங்கள்வரை அந்த வெக்கையில் கிடந்தால் பாதி அழுகிவிடும்.

கணினி பழுது பார்ப்பவர் ஊரின் மறுகோடியில், புக்கிட் பாத்தோக்கில் வேறு வேலையில் இருந்தார். மதியத்துக்குப் பிறகுதான் வர முடியும் என்றார். தொலைபேசியிலேயே ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னார். கேபிள்களைப் பிடுங்கி மாட்டினேன். இணையப் பெட்டியை அணைத்துப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

"நேத்து ஏதாவது மாத்துனீங்களா சிஸ்டர்? யோசிச்சு சொல்லுங்க லா."

இல்லை என்று சொல்லிவிட்டேன். அணைப்பது மாற்றுவது ஆகுமா? ஆகாதென்றே வைத்துக்கொண்டேன். முதலாளி பக்கத்திலேயே நின்றார். பிள்ளை பிறந்த பிறகு எனக்குக் கவனம் போய்விட்டது என்று அங்கே யாரும் சொன்னதில்லை. நான்தான் தினமும் பேருந்தில் எனக்கே சொல்லிக்கொள்வேன். அன்று அதை எல்லோரும் சொல்வார்கள் என்று பயம்.

அப்படியானால் சர்வரே கெட்டுப்போயிருக்கும், தான் வரும்வரை தொட வேண்டாம் என்றார் பழுது பார்ப்பவர். மணி பத்தேமுக்கால். முதலாளி லாரிக்காரரை அழைத்து, இன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லக் கைபேசியை எடுத்தார்.

"நான்தான் நேத்து சர்வர ஆஃப் பண்ணேன்," என்றேன். "பூசைக்கு."

பழுது பார்ப்பவர் இன்னும் இணைப்பில்தான் இருந்தார். சர்வரின் திரையில் என்ன தேதி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். நான் பள்ளியில் படித்த காலத்துத் தேதி.

உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருக்கிறதாம். அணைத்திருக்கும்போது நேரத்தைக் காப்பது அதுதான். அது எப்போதோ செத்துவிட்டது; சர்வரை யாரும் அணைத்ததேயில்லை என்பதால் தெரியவில்லை. அதன் நேரமும் எங்கள் கணினிகளின் நேரமும் ஒத்துப்போகாததால் ஒருவரையும் அது உள்ளே விடவில்லை. அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு படியையும் நானும் ஒருமுறை சொல்லிவிட்டே விசையை அழுத்தினேன். தேதியை மாற்றி, நேரத்தைக் கைபேசியோடு இரண்டு தடவை ஒப்பிட்டேன்.

முதலில் அக்காவின் கணினி திறந்தது. பதினொன்றே முக்காலுக்கு விண்ணப்பம் போனது.

"இத காலையிலேயே சொல்லியிருக்கலாமே புள்ள," என்றார் முதலாளி. திட்டவில்லை. தன் அறைக்குப் போய், தேக்கா சந்தையில் வெங்காயத்துக்குக் காத்திருந்த மொத்த வியாபாரியை அழைத்தார். கதவு திறந்தே இருந்தது.

"கம்ப்யூட்டர் மக்கர் பண்ணிருச்சு. எங்க ஆபீஸ் புள்ளைதான் உக்காந்து சரிபண்ணுச்சு."

கெடுத்ததும் நான்தான் என்பதையும் சேர்த்து வியாபாரியிடம் சொல்லுங்கள் என்று முதலாளியிடம் கேட்க எழுந்தேன். அக்கா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்.

"பேசாம உக்காரு."

உட்கார்ந்தேன்.