உட்கார்ந்தது எந்த இன்ஸ்பெக்டர்?

பங்ச்சர் கடை அக்கா தன் நாய்க்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்ததில் அவமதிப்பு எதுவும் இல்லை. கடைக்கு வரும் ஒவ்வொரு வண்டியையும் சுற்றி வரும், சக்கரங்களை மோந்து பார்க்கும், திருப்தி என்றால் ஒரு காலைத் தூக்கி ஒப்புதல் அளிக்கும். யாரிடமும் கை நீட்டியதில்லை.

அசல் இன்ஸ்பெக்டர் திருட்டு பைக் ஒன்றைத் தேடிக் கடைக்கு வந்தபோது, நாய் அவருடைய ஜீப்பைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே போனது. தொட்டித் தண்ணீரில் ட்யூபை அமுக்கிக்கொண்டிருந்த அக்கா திரும்பி அதட்டினார்: "இன்ஸ்பெக்டர், உக்காருடா." நாய் உட்கார்ந்தது. துப்பாக்கி அதற்குப் பிறகுதான் வெடித்தது.

பாய்ந்த நாயைத் தற்காப்புக்காகச் சுட்டதாக இன்ஸ்பெக்டர் எழுதிக்கொடுத்தார். தெருவே வேடிக்கை பார்த்திருந்தது. போலீஸ் கேட்டதும் அத்தனை பேரும் அன்று ஊரிலேயே இல்லாமல் போனார்கள்.

அக்கா ஸ்டேஷனுக்குப் போனார்.

"யாரும்மா செத்தது?" என்றார் ஏட்டு.

"இன்ஸ்பெக்டர்."

"சுட்டது?"

"இன்ஸ்பெக்டர்."

ஏட்டு பேனாவை மூடினார். "நாய்க்கு வேற பேரு எழுதிட்டு வாம்மா. டைகர், ஜிம்மின்னு எத்தனை இல்ல?"

"செத்தப்புறம் பேரை மாத்தினா அதுக்கு எப்படிங்க தெரியும்?"

வீட்டில் கணவர் சமாதானம் பேசினார். "வேற ஒண்ணு வளத்துக்கலாம். இவங்களோட மல்லுக்கட்ட முடியுமா?"

"எனக்கு வேற நாய் வேணாம். ஏன் சுட்டாருன்னு அவரு சொல்லட்டும்."

"சொன்னா விட்டுடுவியா?"

"என்ன சொல்றாருன்னு பாத்துட்டு சொல்றேன்."

அதன்பின் காலையில் கடை, மதியம் கமிஷனர் அலுவலக வராந்தா. தினமும் அவருக்குப் பதில் சொல்வதைவிட ஒரு விசாரணை வைப்பது சுலபம் என்று கடைசியில் அலுவலகத்துக்கே தோன்றிவிட்டது.

விசாரணையில் இன்ஸ்பெக்டர் தன் கட்சிக்கு வலுச் சேர்க்க நினைத்து, யாரும் கேட்காத ஒன்றைச் சொன்னார்.

"இந்தம்மாவுக்குப் போலீஸ்னா மரியாதையே கிடையாது மேடம். நான் சுடறதுக்கு முன்னாடி என்னையே பாத்து 'இன்ஸ்பெக்டர், உக்காருடா'ங்கறாங்க."

விசாரணை அதிகாரி நிமிர்ந்தார். "உங்க காதுல நல்லா விழுந்துச்சா?"

"தெளிவா விழுந்துச்சு மேடம்."

"நீங்க உக்காந்தீங்களா?"

"நான் ஏன் மேடம் உக்காரணும்?"

"நாய்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "உக்காந்துச்சு மேடம். ஆனா முறைச்சுக்கிட்டே உக்காந்துச்சு."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பெரும் முயற்சி தேவைப்பட்டது.

"இவரை வேற ஸ்டேஷனுக்கு மாத்திடறோம். போதுமாம்மா?" என்று அதிகாரி அக்காவிடம் கேட்டார்.

"அங்கயும் நாய் இருக்குமே மேடம்."

 அதிகாரி இன்ஸ்பெக்டரின் துப்பாக்கியை மேசைமேல் வைக்கச் சொன்னார். பொய் அறிக்கை தந்ததற்கும் சேர்த்துத் துறை நடவடிக்கை எடுக்கப்படும், அது முடியும்வரை துப்பாக்கி திரும்பக் கிடைக்காது என்றார்.

"முடிவு தெரிஞ்சதும் உங்களுக்குச் சொல்லியனுப்பறோம்மா."

"உங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம்," என்றார் அக்கா. "நானே தினம் வந்து கேட்டுக்கறேன்."