பச்சைத் தண்ணி அம்சவள்ளி

அம்சவள்ளி கல்லை நக்கிக்கொண்டிருந்தார். புதுக் கிணற்று மேட்டில் குவித்திருந்த மண்ணிலிருந்து ஒரு வெள்ளைக் கட்டியைப் பொறுக்கி, முந்தானையால் துடைத்து, நாக்கு நுனியில் ஒற்றிக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அதை என்னிடம் நீட்டினார்.

"நீங்களும் வச்சுப் பாருங்க சார். ஒட்டுச்சுன்னா களிமண்ணு கலந்திருக்கு. ஒட்டலன்னா நல்ல சுண்ணாம்புக் கல்லு."

எனக்கு ஒட்டியது. பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவர் சிரித்த சிரிப்பில் கிணற்றுக்குள் மண் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

நிலத்தடி நீர் ஆராய்ச்சிப் பிரிவில் நில இயலாளர் என்பது அரசாங்கம் அவருக்குக் கொடுத்த பெயர். அரியலூர் சுற்றுவட்டாரத்தில் 'தண்ணி பாக்குற அம்மா' என்றால்தான் தெரியும். ஒல்லியான உயரமான உருவம். கைத்தறிச் சேலைக்குக் கீழே ஆண்கள் போடும் கான்வாஸ் ஷூ. ஆண்டிமடம் பக்கம் அடுத்தவர் முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கிய குடும்பத்தில் பிறந்து, திருச்சியில் கல்லூரி படித்தவர். அரியலூரில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித் தாயார் ஆண்டாயியுடன் குடியிருக்கிறார். வேலையைப் பற்றி ஆண்டாயிக்கு ஒரே ஒரு கவலைதான். "முழுவாம இருக்குறவ மண்ணு திம்பா, அது வழக்கம். இவளுக்குக் கல்யாணமே ஆவல, கல்லு திங்கிறா. யாருகிட்டன்னு போயிச் சொல்றது?"

ஜீப் ஓட்டும் பாவாடைக்கு வேறு கவலை. சாலையோரம் மண் சரிந்திருந்தால் நிறுத்த வேண்டும். புதுக் கிணறு தெரிந்தால் நிறுத்த வேண்டும். "கல்லங்குறிச்சித் தேருகூட இத்தன எடத்துல நிக்காது சார்" என்பார். ஆனால் அம்சவள்ளி இறங்குவதற்கு முன்னால் அவர்தான் இறங்கி நல்ல கல்லாகப் பார்த்துப் பொறுக்கி வைப்பார்.

போன வருஷம் மழைக்காலத்தில் இந்த அம்மாவுக்குப் 'பச்சைத் தண்ணி' என்ற அடைமொழி வந்து சேர்ந்தது. அந்த ஜீப்பில் அடிக்கடி கூடப் போய் வருகிற நான் பக்கத்தில் இருந்து பார்த்ததால் சொல்கிறேன்.

மேலப்பூவாணி ஏரி அந்த வட்டாரத்தில் பெரியது. மழைக்கு நிறையும். கரை உடையாது. ஆனால் தை பிறப்பதற்குள் தரை தெரிந்துவிடும். கீழப்பூவாணிக்காரர்கள் இருட்டில் வந்து மதகைத் திறந்துவிடுகிறார்கள் என்பது மேல ஊரின் முடிவு. உங்கள் ஏரியின் ஒரு சொட்டுகூட எங்கள் ஊர் எல்லைக்கு வந்ததில்லை என்று கீழ ஊர்க்காரர்கள் சத்தியம் செய்தார்கள். கம்பு, அரிவாள் வரை போய்விட்டது. மேல ஊர்ப் பெரியவர் அங்கமுத்துவின் மகள் ராசாத்தியைக் கீழ ஊர்த் தலைவர் சாமிதுரையின் மகனுக்குக் கொடுத்திருந்தார்கள். சண்டை முற்றியதும் சம்பந்திகள் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். "ஒங்க வூட்ல இனி பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்று அங்கமுத்து துண்டை உதறிவிட்டு வந்தார். "ஒங்கப்பன் ஊருப் பக்கம் தலை வச்சுப் படுக்கக்கூடாது" என்று சாமிதுரை மருமகளிடம் சொல்லிவிட்டார்.

இந்த நிலையில்தான் அம்சவள்ளி மழையில் நனைந்துகொண்டே ஏரியைச் சுற்றி வந்தார். கையில் வறுத்த கடலை. தின்றுகொண்டே தோலைத் தண்ணீரில் வீசிக்கொண்டு நடந்தார். மேற்கு ஓரத்தில் பாறை தலை நீட்டிய ஓர் இடத்தில் தோல்கள் மிதக்கவில்லை. வட்டமடித்தன, ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே போயின. இன்னொரு கைப்பிடி போட்டார். அதுவும் போயிற்று. அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

குடை பிடித்து நின்ற அங்கமுத்துவின் முகம் சுண்டியது. "என் ஏரியில ஓட்டைங்கிறீங்க. அதுக்கு இப்புடிச் சிரிக்கிறீங்களேம்மா."

"பெரியப்பா, அடியில சுண்ணாம்புப் பாறை. தண்ணி அதக் கரைச்சுக் கரைச்சுப் பாதை போட்டிருக்கு. அந்தப் பாதை எங்க போவுதுன்னு பாத்துடுவோம். சாயம் போடுறேன். எந்தக் கெணத்துல சாயம் ஏறுதோ அங்கதான் ஒங்க தண்ணி."

சென்னை ஆபீஸில் கெஞ்சி வாங்கிவந்த பொடி செங்கல் நிறத்தில் இருந்தது. ஓட்டையில் கொட்டித் தண்ணீர் பட்டதும் கிளிப்பச்சையாக மாறியது. விஷமா என்று கூட்டம் முணுமுணுத்தது. அம்சவள்ளி ஒரு தம்ளரில் கரைத்து, எல்லோரும் பார்க்கக் குடித்துவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினார். பச்சை நாக்கைப் பார்த்துக் குழந்தைகள் கத்தின. பாவாடை ஜீப்பில் ஏறி, எதற்கும் இருக்கட்டும் என்று இஞ்சினைக் கிளப்பி வைத்தார்.

"நாலஞ்சு நாள்ல தெரிஞ்சுடும்" என்று அம்சவள்ளி சொன்னார். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

நாலஞ்சு நாளில் எதுவும் தெரியவில்லை. கீழ ஊரின் கிணறு ஒவ்வொன்றிலும் தினமும் தண்ணீர் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். தெளிவாக இருந்தது. ஒரு வாரம் போயிற்று, அடுத்த வாரமும் போயிற்று. மேல ஊர் வாலிபர்கள் பாவாடையிடம் சொல்லி அனுப்பினார்கள்: "சாயம் வரலன்னா மதகுதான் காரணம்னு ஆவுது. அதுக்கப்பறம் நடக்குறதுக்கு எங்களக் கேக்கக்கூடாது." ஓட்டையைக் கண்டுபிடித்ததே ஒரு கொலைக்குக் காரணமாகிவிடுமோ என்று அம்சவள்ளி பயந்தார். அந்த நாட்களில் அவர் சிரிக்கவில்லை. கல்லையும் நக்கவில்லை. ஆண்டாயியே என் வீட்டுக்கு வந்து, "ஒரு கல்ல எடுத்துக் குடுங்க சார், புள்ள மொகமே சரியில்ல" என்றார்.

கார்த்திகையில் ஒரு காலை. மேலப்பூவாணி ஏரிக்கரையில் ஆட்கள் கம்போடு கூடியிருந்தார்கள். அம்சவள்ளி மதகின் மேல் ஏறி நின்று, இன்னும் ஒரு நாள் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அப்போது கீழ ஊர் வரப்பில் ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு ஓடிவந்தாள். ராசாத்தி. அவள் புடவையின் ஒரு பக்கம் முழுக்கக் கிளிப்பச்சை. பின்னால் பெண்கள் கூட்டம், ஆளுக்கொரு குடம்.

"அப்பா, எங்க வூட்டு மோட்டாரு பச்சையா ஊத்துதுப்பா" என்று மூச்சு வாங்கச் சொன்னாள். "இட்டிலி பச்சை. கன்னுக்குட்டி மூஞ்சி பச்சை. மாமா குளிச்சுட்டு வந்தாரு பாருங்க, நான் என்னத்தச் சொல்ல."

அம்சவள்ளி மதகிலிருந்து குதித்து ஓடிப்போய், குடத்தை வாங்கி அப்படியே கவிழ்த்துக் குடித்தார். மோவாயில் பச்சை வழிந்தது. "கொஞ்சம் கூடப் போட்டுட்டேன் போலருக்கு" என்று சொல்லிவிட்டுச் சேற்றில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். ராசாத்தியும் சிரித்தாள். கம்பு பிடித்தவர்களுக்குக் கம்பை என்ன செய்வது என்று தெரியவில்லை. அங்கமுத்து மட்டும் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "எளைச்சுட்டியே ஆயி" என்றார்.

சற்று நேரத்தில் சாமிதுரை வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை இரண்டும் பச்சை. கண்ணில் கோபம் இருந்தது. ஆனால் அந்த மீசையோடு கோபப்படுவது எளிதாக இல்லை.

"நாங்க மதகத் தொடல" என்றார்.

"தொடல" என்றார் அங்கமுத்து. "ஆனா தண்ணி வந்திருக்கு."

"வந்திருக்கு" என்று சாமிதுரை ஒத்துக்கொண்டார். மருமகளின் குடத்திலிருந்து ஒரு தம்ளர் சாய்த்து நீட்டினார். "எங்க வூட்டுப் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்னீங்க. இது ஒங்க ஏரித் தண்ணிதான். குடிங்க சம்பந்தி."

அங்கமுத்து தம்ளரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் குடித்தார். அன்றைக்குப் பச்சை மீசைகள் இரண்டாயின.

விவகாரம் அதோடு முடியவில்லை. கோடையில் ஏரி காய்ந்ததும் மேல ஊர்க்காரர்கள் சிமெண்டோடு ஓட்டையை அடைக்கக் கிளம்பினார்கள். அம்சவள்ளி போய் ஓட்டையின் வாயிலேயே உட்கார்ந்துவிட்டார். "இத அடைச்சா கீழ ஊரு கெணறு பூரா வத்திப்போவும். ராசாத்தி எந்தத் தண்ணில சோறாக்கும் பெரியப்பா?" அங்கமுத்து கீழ ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சிமெண்டு மூட்டையை மட்டும் இறக்கி வைக்கவில்லை.

இதற்கு ஒரு தீர்வு, அரியலூர் திரும்பும்போது கிடைத்தது. சாலையோரம் சிமெண்டுக் கிணற்று உறைகள் அடுக்கி விற்பனைக்கு இருந்தன. "நிறுத்துங்கண்ணே" என்று அம்சவள்ளி போட்ட சத்தத்தில் பாவாடை ஜீப்பைப் பள்ளத்தில் இறக்கிவிட்டார். ஓட்டையைச் சுற்றி உறையை இறக்கி நிறுத்துவது என்பது அவர் யோசனை. உறையின் விளிம்பு வரை நிற்கும் தண்ணீர் மேல ஊருக்கு. அதற்கு மேல் ஏறுவது வழிந்து உள்ளே போய்க் கீழ ஊருக்கு.

இரண்டு ஊரும் சம்மதித்தன. உயரத்தில்தான் இழுபறி. இடுப்பளவு என்று முடிவானதும், யார் இடுப்பு என்று கேள்வி வந்தது. அங்கமுத்து நெட்டை. சாமிதுரை குட்டை. இருவரும் ஏரிக்குள் இறங்கிப் பக்கத்தில் பக்கத்தில் நின்று, வயிற்றை எக்கிக்கொண்டு வாதாடினார்கள். கடைசியில் அம்சவள்ளியின் இடுப்புக்கு உறை இறங்கியது.

இந்த ஐப்பசியில் மழை நன்றாகப் பிடித்தது. ஏரி உறையைத் தொட்டுவிட்டது என்று தகவல் வந்ததும் நாங்கள் போனோம். தூறலில் இரண்டு ஊரும் கரையில் நின்றன. ராசாத்தி தகப்பனாரின் குடைக்குள் நின்றாள். தண்ணீர் விளிம்போடு விளிம்பாக நின்று தயங்கியது. காற்று ஒரு சின்ன அலையைத் தள்ளியது. உறைக்குள் முதல் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு சுற்றிலும் கண்ணாடி வளையம்போல வழியத் தொடங்கியது.

எல்லோரும் அதிகாரி அம்மா ஏதாவது சொல்வார் என்று அவரைப் பார்த்தார்கள். அம்சவள்ளி குடையைப் பாவாடையிடம் கொடுத்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். இரண்டு விரலை மடக்கி வாயில் வைத்து, ஏரியின் எதிர்க்கரை வரைக்கும் கேட்க நீளமாக ஒரு சீட்டி அடித்தார்.