ராயபுரத்துத் தொண்டை

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும். நகரத்தின் நடுவே, ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த ஒரு கல்லூரியில் நான் முதல் வருடம். ராயபுரத்திலிருந்து டிராமில் போய் வருவேன்.

எங்கள் கல்லூரியில் எந்தப் பேட்டை என்று சொன்னால் போதும், ஆளை எடைபோட்டுவிடுவார்கள். மயிலாப்பூர் என்றால் உருப்போடுகிறவர்கள். எழும்பூர் என்றால் இங்கிலீஷ் அலட்டல். ராயபுரம் என்றால் மீன் வாடை, ஊரைக் கூட்டும் தொண்டை. என் அப்பா துறைமுகத்துக்கு எதிரே கயிற்றுக் கடை வைத்திருந்தவர். மீனுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு சாப்பாட்டோடு சரி. சொன்னால் யார் கேட்பார்கள்? நான் வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டேன்.

அந்த வருடப் பேச்சுப் போட்டிக்குத் தலைப்பு, 'பெண்கள் வேலைக்குப் போகலாமா?' அறிவிப்பைப் படித்த ஆத்திரத்தில் பெயர் கொடுத்துவிட்டேன். போட்டியன்று பாதியில் ஒலிபெருக்கி படுத்துவிட்டது. எனக்கு முன்னால் பேசிய இருவரைப் பின்வரிசைப் பையன்கள் ஊளையிட்டே இறக்கினார்கள். "பயமா இருந்தா விட்டுடும்மா" என்றார் தமிழ் ஆசிரியர். மேடையேறினேன்.

"இன்னாமே, மீன் கீதா?"

மீன் இருக்கிறதா என்று பின்னாலிருந்து ஒருவன் எங்கள் பேட்டைப் பேச்சிலேயே கேலி செய்தான். கூடமே சிரித்தது.

எங்கிருந்து வந்த துணிச்சலோ! "கீது நைனா! வாய மூடிகினு குந்து, பேசி முடிச்சிட்டுத் தரேன்!" என்றேன். கப்பல் சங்கையும் கூட்ஸ் வண்டியையும் மீறிப் பேசிப் பழகிய தொண்டை. கடைசிச் சுவர் வரை போனது. சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது.

எண்ணூர் உப்பளத்தில் வெடித்த பாதத்தோடு கூடை சுமக்கிறவர்களைப் பற்றிப் பேசினேன். கரையில் மீனை ஏலம் எடுத்து, தலைச்சுமையாய் விற்றுப் பிள்ளைகளை வளர்க்கிறவர்களைப் பற்றிப் பேசினேன். "எங்க பக்கத்துல பொம்பளைங்க வேலைக்குப் போலாமான்னு யாரும் கேக்கறதில்ல. போவலைன்னா அடுப்பு எரியாது. அவங்களுக்குக் கூலிய ஒழுங்கா குடுக்கறீங்களா, அதக் கேளுங்க!" என்று முடித்தேன்.

முதலில் எழுந்து கைதட்டியவள் என் வகுப்பு மயிலாப்பூர்க்காரி. பிறகு கூடம் முழுக்க எழுந்தது.

முதல் பரிசு எனக்கே. கேலி செய்தவன் வாசலில் காத்திருந்தான். "மத்த காலேஜோட நடக்கிற போட்டிக்கு நீங்கதான் போகணும்" என்றான். போனேன், கோப்பையோடு திரும்பினேன். டிராமில் அதை மடியில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் உரத்த குரலில் பதில் சொல்லியபடியே வீடு வந்தேன்.

அவர்கள் எங்களைப் பற்றிச் சொன்னவற்றில் தொண்டை மட்டும் நிஜம்தான். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. இன்றும் யாராவது ஊர்ப்பெயரை வைத்து ஒருவரை எடைபோட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. அந்த மனிதர் வாயைத் திறக்கப்போகும் நேரத்துக்காக ஆவலோடு காத்திருக்கிறேன்.