இடது கையில் பொத்தான்

"அம்மா, கொஞ்சம் நிறுத்துங்க. வெளிச்சமே வராதப்பவும் அமுக்கறீங்க."

அவள் கருவியின் முகம் தாங்கியிலிருந்து தாடையை எடுத்தாள். எதிரே வெள்ளைக் கிண்ணம்போல் குழிந்த கருவி, அதன் நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி. இடது கண்ணை மூடிக் கட்டியிருந்தார்கள். புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரத்தில் எங்காவது ஒளி மினுக்கினால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

"பாத்துத்தானே அமுக்கினேன்."

"இல்லம்மா. பாதிக்கு மேல சும்மா அமுக்கியிருக்கீங்க. இத வெச்சு டாக்டர் ஒண்ணும் சொல்ல முடியாது," என்றாள் சோதனை செய்யும் பெண்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த நாத்தனார் சிரித்தாள். "எங்க அண்ணி அப்படித்தான். இல்லாததெல்லாம் அவங்க கண்ணுல படும்."

"நீ வாய மூடு."

போன மாதம் கண்ணாடி மாற்றத்தான் இந்தக் கண் மருத்துவமனைக்கு வந்தாள். வலது கண்ணில் அழுத்தம் அதிகம் என்றார்கள். நரம்பு கெட்டால் ஓரப் பார்வைதான் முதலில் போகும், போனது திரும்பாது என்றார் டாக்டர். வலியில்லை, மங்கலில்லை. அதுதான் அவளை உறுத்தியது. வலித்தாலாவது திட்டித் தீர்க்கலாம்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அட்டைப்பெட்டி ஆலையில் வெட்டும் மெஷினில் நிற்கிறாள். இடது கை அட்டையை உள்ளே தள்ளும். மெஷின் ஒருமுறை முனகும். வலது கை பிடியை இழுக்கும். கதை பேசிக்கொண்டே, கொட்டாவி விட்டுக்கொண்டே இழுப்பாள். ஒன்றுகூடத் தப்பாது. ஆலையில் அவளுக்குக் கடிகாரம் என்று பெயர்.

இந்தக் கருவியும் ஒவ்வொரு ஒளிக்கு முன்னும், சிலசமயம் ஒளியே விடாமலும், உள்ளே 'கிர்' என்றது. இப்போதுதான் அது உறைத்தது. 'கிர்' என்றதும் வலது கை அமுக்கிவிட்டிருக்கிறது. கண்ணை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"களைச்சுப் போயிருப்பீங்க. இன்னொரு நாள் வர்றீங்களா?"

வரலாம். வராமலும் இருந்துவிடலாம். கண்தான் நன்றாகத் தெரிகிறதே.

"இப்பவே பாத்துடலாம். பொத்தானை இந்தக் கையில குடும்மா."

"இடது கையிலயா? ஏன்?"

"அது பிடி இழுக்கிற கை, சத்தம் கேட்டா நிக்காது. இது அட்டை தள்ற கை. இதுக்கு அவசரம் தெரியாது."

மறுபடி தாடையை வைத்தாள். கிர். ஒன்றுமில்லை. மடியில் கிடந்த வலது கை துள்ளியது. அதைத் தொடைக்கடியில் போட்டு அமுக்கிக்கொண்டாள். கிர். கீழே ஒரு மினுக்கல். அமுக்கினாள். பக்கவாட்டில் ஒன்று. அமுக்கினாள். மூக்குப் பக்கம், மேலே, வெகுநேரமாக எதுவுமே வரவில்லை. கிர் என்றது. மறுபடியும் கிர். ஒளி அங்கேதான் வந்துபோகிறது என்று புரிந்துவிட்டது. அமுக்கவில்லை.

சோதனை முடிந்ததும் டாக்டர் அச்சான தாளில் கறுத்திருந்த மூலையைத் தொட்டுக் காட்டினார்.

"இவ்வளவுதான் போயிருக்கு. அடுத்த கண்ணு ஈடுகட்டினதால உங்களுக்குத் தெரியல. இது திரும்பாது. நடுப் பார்வைக்கு ஒண்ணும் ஆகல. ஆரம்பத்துலயே பிடிச்சாச்சு. தினம் ராத்திரி சொட்டு மருந்து, ஒரு நாள் விடக்கூடாது. அழுத்தம் இறங்கினா மிச்சத்தைக் காப்பாத்திடலாம். முக்காவாசிப் பேருக்கு இறங்கிடுது."

"மெஷின்ல நிக்கலாமா?"

"தாராளமா நில்லுங்க."

வெளியே வந்ததும் நாத்தனார் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, இனிமே நான் அந்த மூலையிலயே நின்னுக்கறேன். உங்களுக்கும் நிம்மதி."

"நீ எங்க நின்னாலும் சத்தம் கேக்குமே," என்றாள். காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

மறுநாள் ஆலைக்குப் போனாள். நேற்று ஒரு நாள் கடிகாரம் நின்றுவிட்டதாகப் பக்கத்து மெஷின்காரி சொன்னாள். மதியம்வரை அட்டை வெட்டினாள். சாப்பிட்டாள். சாயங்காலம்வரை வெட்டினாள். வீட்டுக்கு வந்து துணி மடித்தாள். படுக்கும் முன் மருந்து விட்டுக்கொண்டாள். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. அடுத்தது கண்ணில் விழுந்தது. குப்பியை மூடி அலமாரியில் வைத்தாள்.